புதுச்சேரியின் தென்வானில் ஓர் இரட்டை: ஆல்ஃபா சென்டாரியும் அதன் கோள்களும்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் தெற்கு நோக்கி நின்றால் கடலுக்கு மேலே மஞ்சளாக, பளிச்சென்று ஒரு விண்மீன் தெரியும். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முஷ்டி வானத்தில் மறைக்கும் அகலம் சுமார் 10 பாகை. இந்த விண்மீன் தன் உச்சத்தில் எட்டுவது 17 பாகை, அதாவது ஒன்றே முக்கால் முஷ்டி. அதற்குமேல் இங்கிருந்து அது ஏறாது. டெல்லியில் அடிவானத்தை உரசியபடியே இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அதன் பெயர் ஆல்ஃபா சென்டாரி. சிரியஸ், கனோபஸ் இரண்டுக்கும் அடுத்தபடியாக இரவு வானில் பிரகாசமானது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பமும் இதுவே, தூரம் 4.3 ஒளியாண்டுக்குச் சற்று மேல். கண்ணுக்கு ஒரே புள்ளி என்றாலும் குடும்பத்தில் மூன்று பேர். சூரியனைப் போன்ற ஏ, அதைவிடச் சற்றுச் சிறிய பி, இந்த இரண்டையும் விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் புராக்சிமா என்ற மங்கலான சிவப்புக் குறுவிண்மீன்.

புராக்சிமாவைக் கோள் சுற்றுவது உறுதியான செய்தி. ஏ விண்மீனுக்கு ஒரு கோள் இருக்கலாம் என்று 2025ல் அறிவித்தார்கள். அது இன்னும் உறுதியாகவில்லை. பி விண்மீனுக்கு ஒன்று உண்டு என்று 2012ல் அறிவித்தார்கள். 2015ல் அது கலைந்துபோனது. ஒரே குடும்பத்தில் உறுதி, சந்தேகம், பிழை மூன்றும் இருப்பதற்குக் காரணம் உண்டு. இரட்டை விண்மீனில் கோள் தேடுவது, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஓரத்தில் மின்மினியைத் தேடும்போது பக்கத்திலேயே இன்னொரு பெட்ரோமாக்ஸையும் ஏற்றிவைத்தது போல. ஒளி, ஈர்ப்பு, அளவீடு மூன்றையும் அந்த இரண்டாவது விளக்கு கெடுக்கும். எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், "புதிய கோள் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்ததும் எதைத் தேடிப் படிக்கவேண்டும் என்பதும் பிடிபடும்.

1689, புதுச்சேரி

இந்தப் புள்ளி உண்மையில் இரண்டு என்று முதலில் கண்டு எழுதியது புதுச்சேரியிலிருந்துதான். ஊரில் இருப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பது வருத்தம் தருகிறது. பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பப்பட்ட கணித அறிஞர் குழுவில் ஒருவராகக் கீழை நாடுகளுக்கு வந்தவர். 1688ல் சயாமில் ஆட்சி கவிழ்ந்தபின் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய 12 அடித் தொலைநோக்கியில் இந்த விண்மீன் இரண்டாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் முகப்பு வில்லை ஒற்றைக் கண்ணாடி. நீலமும் சிவப்பும் வெவ்வேறு இடத்தில் குவிந்து பிம்பம் கலங்கும். குழாயை நீட்டினால்தான் கலங்கல் குறையும். அதனால்தான் அத்தனை நீளம்.

டிசம்பரில் ஆல்ஃபா சென்டாரி விடியலுக்கு முன்புதான் எழும். இருட்டு கலையத் தொடங்கும்போது அது தென்கிழக்கில் 10 பாகை உயரம்தான் ஏறியிருக்கும். பருவமழை ஓயும் மாதத்தில், கடற்காற்றின் ஈரத்தின் ஊடே, அவ்வளவு தாழ்வில் ரிஷோ பிரித்துப் பார்த்த இடைவெளி எவ்வளவு? அதை இன்றே கணக்கிடலாம். ஏ, பி இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 79.76 ஆண்டு ஆகிறது. நான்கு சுற்றுக்கு 319 ஆண்டு. 1689 கடைசியுடன் 319ஐக் கூட்டினால் 2009 தொடக்கம். ஆக, 2009 ஜனவரியில் இரண்டும் எப்படி நின்றனவோ அப்படித்தான் ரிஷோ கண்ணுக்கும் நின்றன: இடைவெளி சுமார் 7 விகலை.

ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும்போது வசிட்டருக்கும் அருந்ததிக்கும் நடுவே கண்ணில் படும் இடைவெளி ஏறத்தாழ 12 கலை, 700 விகலைக்குச் சற்று மேல். ரிஷோ பார்த்தது அதில் நூறில் ஒரு பங்கு. வெறுங்கண்ணால் இதை யாராலும் எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது; இரண்டும் மிக விலகித் தெரியும் காலத்திலேயே 22 விகலைதான், கண்ணின் எல்லையோ ஏறத்தாழ 60 விகலை.

தெரிந்தது இரண்டு புள்ளி. இரண்டும் உண்மையிலேயே ஈர்ப்பால் கட்டுண்டவையா, தற்செயலாக ஒரே திசையில் தெரிபவையா என்று சொல்ல ரிஷோவுக்கு வழியில்லை. அதற்குப் பல பத்தாண்டுகள் நிலையை அளந்து, ஒன்றையொன்று வளைந்து சுற்றுவதைக் காணவேண்டும்.

இரண்டையும் நிறுத்துப் பார்ப்பது

ஒரு விண்மீனை எடைபோட வேண்டுமானால் அதை எதுவாவது சுற்றவேண்டும். இரட்டை விண்மீன் வானியலுக்குச் செய்யும் பெரிய உதவி இது. கணக்கும் பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

முதலில் தூரம். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் பின்னணியில் இலேசாக ஆடும். நன்னம்பிக்கை முனையில் 1832, 1833ல் இந்த விண்மீனை அளந்த தாமஸ் ஹென்டர்சன், அந்த ஆட்டத்தின் அளவை 1839ல்தான் வெளியிட்டார். அதற்குள் 1838ல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் வேறொரு விண்மீனின் தூரத்தை வெளியிட்டு முந்திவிட்டார். இன்றைய அளவில் அந்த ஆட்டம் 0.75 விகலை. ஆட்டம் ஒரு விகலையானால் தூரம் 3.26 ஒளியாண்டு; ஆட்டம் குறையக் குறையத் தூரம் கூடும். எனவே 3.26ஐ 0.75ஆல் வகுத்தால் 4.35 ஒளியாண்டு.

அடுத்து சுற்றுப்பாதை. அதன் சராசரி ஆரம் வானத்தில் 17.5 விகலை. இதை 0.75ஆல் வகுத்தால் 23.3 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு அலகு). கெப்ளர் விதிப்படி, இந்தத் தூரத்தின் மும்மடியைச் சுற்றும் ஆண்டுகளின் இருமடியால் வகுத்தால் மொத்த நிறை சூரியக் கணக்கில் கிடைக்கும். 23.3ஐ மும்மடிப் பெருக்கினால் சுமார் 12,650. 79.76ஐ இருமடிப் பெருக்கினால் சுமார் 6,360. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.99. ஏ, பி இரண்டின் மொத்த நிறை 1.99 சூரியன். இரண்டும் பொது மையத்திலிருந்து எவ்வளவு விலகி ஆடுகின்றன என்று பார்த்துப் பங்கு பிரித்தால் ஏ 1.08, பி 0.91.

பாதை வட்டமல்ல, நன்றாக நீண்டது. மிக நெருங்கும்போது 11.2 அலகு, மிக விலகும்போது 35.6 அலகு. நெருங்கும்போது சூரியனிலிருந்து சனிக்கோள் இருக்கும் தூரத்தைவிடச் சற்று அதிகம். விலகும்போது நெப்டியூனையும் தாண்டும்.

மனத்தில் பதிய, ஒரு அலகை ஒரு மீட்டராகச் சுருக்குவோம். நம் சூரியன் ஒரு கொண்டைக்கடலை. ஒரு மீட்டர் தள்ளிச் சுற்றும் பூமி கண்ணுக்குத் தெரியாத தூசு. ஆல்ஃபா சென்டாரி ஏ சற்றுப் பெரிய கடலை, பி ஒரு பட்டாணி. காந்தி சிலைக்கு எதிரே இந்த இரண்டும் 11 மீட்டருக்கும் 36 மீட்டருக்கும் இடையே நெருங்கி விலகிச் சுற்றும். புராக்சிமா ஒரு கடுகு. அது 13 கிலோமீட்டர் தள்ளி, கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கம் பக்கம் கிடக்கும். நம் சூரியக் கடலையோ நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்கும் மேல், பெங்களூரில். கிருமாம்பாக்கத்துக் கடுகைப் புராக்சிமாவின் கோள் சுற்றுவது கடுகிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள். பெங்களூரில் நின்று அந்தக் கோளைத் தேடவேண்டும்.

கோளுக்கு எங்கே இடம்?

இரும விண்மீனில் கோள் இரண்டு விதமாகச் சுற்றலாம். இரண்டு விண்மீனையும் சேர்த்து வெளியே ஒரு பெரிய சுற்று. அல்லது ஏதாவது ஒன்றை மட்டும் ஒட்டி ஒரு சிறிய சுற்று. முதல் வகைக்கு நல்ல உதாரணம் 2011ல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16. அங்கே இரு விண்மீன்கள் 41 நாளுக்கொரு முறை சுற்ற, கோள் இரண்டையும் சேர்த்து 229 நாளில் சுற்றுகிறது. ஆல்ஃபா சென்டாரியில் அந்த வகைக் கோள் நிலைக்கவேண்டுமானால் 80 அலகுக்கும் அப்பால் இருக்கவேண்டும். அவ்வளவு தொலைவில் உறைபனிக் குளிர். உயிர் பற்றிய ஆசைக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது வகையில்தான் விஷயம் இருக்கிறது. ஏ விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோளை, 80 ஆண்டுக்கொருமுறை பி அருகில் வந்து இழுத்துவிட்டுப் போகும். எவ்வளவு தூரம்வரை கோள் அந்த இழுப்பைத் தாங்கும்? நீண்ட காலக் கணினிக் கணக்குகள் தரும் விடை சுமார் 3 அலகுக்குள். அதற்கு வெளியே வியாழன் இருக்கும் இடத்தில் ஒரு கோளை வைத்தால் நிலைக்காது. பாதை மேலும் மேலும் நீண்டு, விண்மீனில் விழும் அல்லது வெளியே வீசப்படும்.

ஏ சூரியனைப்போல் ஒன்றரை மடங்கு ஒளி வீசுவதால் பூமிக்குக் கிடைக்கும் வெப்பம் 1.2 அலகு தூரத்தில் கிடைக்கும். அங்கே ஓர் ஆண்டு 470 நாளுக்குச் சற்று மேல். பி-யின் ஒளி சூரியனில் பாதி, அதற்கு 0.7 அலகு, சுமார் 230 நாள். இரண்டுமே 3 அலகு எல்லைக்குள் வசதியாக அடங்குகின்றன. பி மிக அருகில் வரும்போதுகூட ஏ-யின் கோளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒளி அரை சதவீதத்துக்கும் குறைவு, பருவம் மாறாது. ஆனால் இரவு இருட்டாது: ஆயிரம் முழுநிலவுக்கு மேல் வெளிச்சம்.

இப்படி நெருக்கமான இரட்டையில் கோள் உருவாகத்தான் முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு வடவானில் ஒரு சாட்சி உண்டு: காமா செபி. 66 ஆண்டு போல நீளும் இருமச் சுற்று, அதில் பெரிய விண்மீனை இரண்டரை ஆண்டில் சுற்றும் வாயுக்கோள். அமைப்பு ஏறக்குறைய ஆல்ஃபா சென்டாரியின் அச்சு. ஆக, இடமும் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. மீதியெல்லாம் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல்.

எங்கே தவறுகிறது

முதல் தவறு நம் பக்கத்திலேயே நடந்தது. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 1855ல் 70 ஒபியூச்சி என்ற இரட்டை விண்மீனைப் பற்றி எழுதினார். கணக்குப்படி வரவேண்டிய இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் சிறு வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று கொண்டால் அது தீரும் என்றார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் இருக்கிறது என்று அளவீட்டைக் காட்டிச் சொன்ன முதல் வாதங்களில் இது ஒன்று. 1890களில் அமெரிக்காவிலும் அதே விண்மீனுக்கு அதேபோன்ற கோளைச் சொன்னார்கள். 1899ல் அமெரிக்க வானியலாளர் ஃபாரஸ்ட் மோல்ட்டன், அப்படி ஒரு கோள் அந்தப் பாதையில் நிலைக்கவே முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றுவரை அங்கே கோள் அகப்படவில்லை. தொலைநோக்கியின் கண்ணருகு முனையில் மெல்லிய இழைவைத்து அளந்த காலத்தில் விகலையின் சிறு பின்னத்தை நம்புவது ஆபத்து. ஜேக்கப் முட்டாளல்ல, அவருடைய கேள்வி சரியானது, கருவியால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

2012ல் நடந்தது இன்னும் நுட்பமானது. கோள் விண்மீனை இழுத்தால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும். நிறமாலைக் கோடுகள் அதற்கேற்ப நகரும். சிலியில் உள்ள ஹார்ப்ஸ் கருவியால் பி விண்மீனை 4 ஆண்டு, 450 தடவைக்கு மேல் அளந்தார்கள். கிடைத்த ஆட்டம் நொடிக்கு 51 சென்டிமீட்டர், 3.24 நாளுக்கொருமுறை. தவழும் குழந்தையின் வேகம். கருவியின் உணரியில் இது ஒரு படப்புள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நகர்வு. அந்த 51 சென்டிமீட்டரை எடுக்க எதையெல்லாம் கழிக்கவேண்டியிருந்தது என்று பாருங்கள்: ஏ இழுப்பதால் அந்த ஆண்டுகளில் பி-யின் வேகத்தில் ஏற்பட்ட சில நூறு மீட்டர் மாற்றம், 38 நாள் போல ஆகும் அதன் தற்சுழற்சியால் கரும்புள்ளிகள் வந்து போகும் விளைவு, அதன் காந்தச் செயல்பாடு ஏறி இறங்கும் சுழற்சி, பக்கத்து ஏ-யிலிருந்து கசிந்து நுழையும் ஒளி. இத்தனையும் போக மிஞ்சியதுதான் கோள்.

2015ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு குழு எளிமையான ஒரு சோதனை செய்தது. கோளே இல்லாத போலித் தரவு தயாரித்தார்கள். ஆனால் உண்மையில் எந்தெந்த இரவு, எந்தெந்த நேரம் அளந்தார்களோ அதே நேரங்களை அதில் வைத்தார்கள். பழைய முறையிலேயே அலசியபோது அந்தப் போலித் தரவிலும் 3.24 நாள் தலைகாட்டியது. கோள் விண்மீனில் இல்லை. அளந்த நாட்களின் இடைவெளியில் இருந்தது. எந்தச் சோதனையிலும் இதுபோல ஒரு வெற்று ஓட்டம் ஓட்டிப் பார்க்காமல் முடிவை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறானது காமா செபி. 1988ல் கனடாக் குழு அங்கே கோளின் அறிகுறியைக் கண்டது. 1992ல் அவர்களே, இது விண்மீனின் தற்சுழற்சியால் வருவதாக இருக்கலாம் என்று பின்வாங்கினார்கள். 2003ல் நீண்ட தரவோடு உறுதியானது. தற்சுழற்சியும் கரும்புள்ளியும் நாளடைவில் கட்டம் மாறும், தேயும், வளரும்; கோளோ பல சுற்றுக்குப் பிறகும் கடிகாரம்போல் அதே இடத்தில் நிற்கும். இரண்டையும் பிரித்துக் காட்டியது காலம்தான்.

புராக்சிமா விஷயத்தில் வேலை சுத்தமாக நடந்தது. முன்பே சேர்ந்த தரவில் ஓர் ஐயம் இருந்தது. அதைத் தீர்க்கவே 2016 ஜனவரி முதல் மார்ச் வரை 54 இரவு ஒழுங்காக அளந்தார்கள். விண்மீனின் பிரகாசத்தையும் கூடவே வேறு தொலைநோக்கிகளில் கண்காணித்தார்கள், கரும்புள்ளிதான் ஏமாற்றுகிறதா என்று பார்க்க. 11.2 நாள் கோள், நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் ஆட்டம், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகம். நிறை பூமியளவோ அதற்குச் சற்று மேலோ. 2020ல் எஸ்ப்ரெஸ்ஸோ என்ற புதிய கருவி தனியே அளந்து அதையே சொன்னது. 2022ல் 5.1 நாளில் சுற்றும் இன்னொரு சிறு கோளும் தெரிந்தது. அதன் ஆட்டம் வெறும் 39 சென்டிமீட்டர். 2012ல் ஏமாற்றியதைவிடச் சிறிய அளவு இது. ஆனாலும் இங்கே பெரிய விண்மீன் ஒன்று பக்கத்தில் இல்லை. மாதிரியில் கடுகு 13 கிலோமீட்டர் தள்ளிக் கிடப்பதால் வந்த சௌகரியம் இது.

கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது ஒளி குறைவதை வைத்துக் கண்டுபிடிப்பது பிரபலமான முறை. அது இங்கே உதவாது. ஏ, பி சுற்றுத்தளம் நம் பார்வைக் கோட்டிலிருந்து 11 பாகை விலகிச் சாய்ந்திருக்கிறது. கோளும் அதே தளத்தில் சுற்றினால் விண்மீனுக்கு மேலோ கீழோ தப்பிப் போய்விடும். (முகத்தைக் கடக்கும் கோளுக்காகப் புதுச்சேரியில் காத்திருந்து ஏமாந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. வெள்ளி சூரியனைக் கடந்த 1769 ஜூன் 4 காலையில் மட்டும் மேகம் மூடியது.)

மிச்சமிருப்பது நேரடியாகப் படம் எடுப்பது. கண் காணும் ஒளியில் பூமி போன்ற கோள் தன் விண்மீனைவிட ஆயிரம் கோடி மடங்கு மங்கல். அகச்சிவப்பில் அந்த விகிதம் வெகுவாகக் குறையும். கோள் தன் சொந்த வெப்பத்தை வீசுகிறது. 2019ல் சிலியின் வி.எல்.டி. தொலைநோக்கியில் சுமார் 100 மணி நேரம் எடுத்து ஏ-யின் அருகே ஒரு மங்கல் புள்ளியைக் கண்டார்கள். 2021ல் வெளியிட்டபோதே அது கருவியின் சுவடாகவும் இருக்கலாம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 15.5 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பில் பார்த்தது. ஏ-யை ஒளிமறைப்பிக்குப் பின்னே நிறுத்தலாம். பி-யை மறைக்க வழியில்லை, அதன் ஒளி படம் முழுதும் பரவும். எனவே எப்சிலான் மஸ்கே என்ற வேறொரு விண்மீனையும் அதே நிலைகளில் படமெடுத்து, இரண்டு விண்மீன்களின் சுவடுகளையும் கழித்தார்கள். ஏ-யிலிருந்து 1.5 விகலை தள்ளி, அதைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கலாக ஒரு புள்ளி மிஞ்சியது.

2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தபோது அது இல்லை. இல்லாமற்போனது தோல்வியென்று உடனே சொல்லிவிட முடியாது. 2019 புள்ளியையும் 2024 புள்ளியையும் ஒரே கோளாகக் கொண்டு பாதைகளைக் கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழப் பாதியில் அந்த இரண்டு மாதங்களிலும் கோள் விண்மீனின் கூசலுக்குள் ஒளிந்திருக்கும். உண்மையானால் அது சனிக்கோள் நிறையுள்ள வாயுக்கோள். 1 முதல் 2 அலகுக்குள் நீள்பாதையில் சுற்றுவது. 3 அலகு எல்லைக்குள் அடங்கும், பொருத்தம்தான். ஆனால் நீர் தங்கும் பகுதியையே குறுக்கே உழுதுகொண்டு போகும் கோள் அது. அது இருந்தால், அங்கே இன்னொரு பூமிக்கு இடம் அநேகமாக இல்லை. இந்தச் செய்தியை "பூமி போன்ற கோள்" என்று எழுதிய தலைப்புகள் விஷயத்தையே தலைகீழாக்கிவிட்டன.

இங்கிருந்து பார்ப்பது

கோளைப் பார்க்க முடியாது. ரிஷோ பார்த்த இரட்டையைப் பார்க்கலாம்; அதற்கு 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியே போதும்.

நேரம்: மார்ச் 1ல் விடியற்காலை 4.15, மே 1ல் நள்ளிரவு தாண்டி 12.15, ஜூன் 1ல் இரவு 10.15, ஜூன் 15ல் 9.20. இவை உச்சத்தில் இருக்கும் நேரங்கள். நாளுக்கு 4 நிமிடம் முந்தும். உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டேமுக்கால் மணிநேரம் 10 பாகைக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே போனால் பார்க்க முயலாதீர்கள். ஜூனில் மாலை இடிமழை குறுக்கிடும். பொறுமை உள்ளவர்களுக்கு பிப்ரவரி கடைசி, மார்ச் விடியற்காலை நல்லது; காற்றும் ஓரளவு நிதானமாக இருக்கும்.

அடையாளம்: தெற்கு நோக்கி நின்றால் மூன்று விரல் அகல இடைவெளியில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். இடப்பக்கம் மஞ்சளாக இருப்பது ஆல்ஃபா, வலப்பக்கம் நீலவெள்ளையாக இருப்பது பீட்டா. அதே திசையில் வலப்பக்கமாக, ஆல்ஃபாவிலிருந்து ஒன்றரை முஷ்டி தள்ளித் தென் சிலுவை. பீட்டாவை ஆல்ஃபா என்று நினைத்து "பிரியவே இல்லை" என்று சலித்துக்கொள்வது வழக்கமான பிழை.

இடம்: கடற்கரைச் சாலையில் விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும். வீராம்பட்டினம், அதற்கும் தெற்கே நரம்பை பக்கத்து மணல்வெளி இவற்றைவிட மேலானது. கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலிருந்து பார்க்கலாம். ஆனால் தெற்கே துறைமுகமும் சிப்காட் வெளிச்சமும் இருப்பதால் அடிவானம் வெளிறியிருக்கும். எங்கே நின்றாலும் பார்வை கடலுக்கு மேலே போகட்டும். பகலில் சூடேறிய தார்ச்சாலை, கான்கிரீட் கூரை இவற்றின் மேலாகப் பார்த்தால் பிம்பம் கொதிக்கும்.

17 பாகை உயரத்தில் ஒளி கடந்துவரும் காற்று, தலைக்கு நேர்மேலே உள்ளதைப்போல் 3.4 மடங்கு. உப்பும் ஈரமும் சேர்ந்து பாதிக்கு மேல் ஒளியைத் தின்னும். இத்தனை பிரகாசமான விண்மீனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. தொல்லை வேறு இடத்தில்: காற்று முப்பட்டகம் போல் நிறத்தைப் பிரித்து, மேலே நீலமும் கீழே சிவப்புமாகச் சில விகலைக்குச் செங்குத்தாக இழுத்துவிடும். இது தொலைநோக்கியின் குறையல்ல. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) ஒரு மஞ்சள் வடிகட்டியைத் திருகினால் பெருமளவு அடங்கும்.

உருப்பெருக்கம் 70 முதல் 100 மடங்கு. 700 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள குழாயில் 9 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 78 மடங்கு. இப்போதுள்ள சுமார் 9 விகலை இடைவெளி அதில் 700 விகலையாகத் தெரியும், வெறுங்கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும் நிற்கும் அதே இடைவெளியில். பெரியதைவிடச் சிறியது தெளிவாக மங்கலாகவும் சற்றே செம்மஞ்சளாகவும் இருக்கும். தொடர்ந்து தெளிவாகத் தெரியாது. காற்று நொடிப்பொழுது அடங்கும்போது பிரியும், மறுபடி கலங்கும். பத்து நிமிடமாவது கண்ணை எடுக்காமல் இருங்கள்.

ஏ.சி. அறையில் வைத்திருந்த தொலைநோக்கியை நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் வில்லையில் நீர் பூக்கும். அரைமணி முன்பே மூடியோடு வெளியே வைத்துப் பழக்குங்கள். பூத்தால் துடைக்காதீர்கள், கடற்கரை ஈரத்தில் உப்பு கலந்திருக்கும், உலர்ந்த துணி அந்தப் படிகத்தை வில்லைமேல் தேய்த்துக் கீறும். மணலில் முக்காலியின் ஒவ்வொரு காலுக்கடியிலும் உள்ளங்கையளவு பலகை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கால் மெல்லப் புதைந்து விண்மீன் பார்வையைவிட்டு நழுவும்.

வீட்டுக்குத் தெற்கே கட்டடம் மறைக்கிறது என்பவர்களுக்கு ஜேக்கப்பின் 70 ஒபியூச்சி இருக்கிறது. ஆகஸ்டில் இரவு 9 மணி வாக்கில் புதுச்சேரியில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே, 80 பாகை உயரத்தில் நிற்கும். இடைவெளி 6 விகலைக்கு மேல். காற்றின் தொல்லை அங்கே குறைவு.

ஆல்ஃபா சென்டாரியைப் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். 2016ல் 4 விகலைவரை நெருங்கிய இரட்டை இப்போது விலகி நிற்கிறது. இன்னும் சில ஆண்டு இப்படியே இருக்கும். 2035 மே மாதத்தில் இரண்டும் தம் பாதையில் மிக நெருங்கும். அதையொட்டி, 2030களின் பின்பாதியில் இடைவெளி 2 விகலைக்கும் கீழே சுருங்கும். 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியின் எல்லையே 2 விகலைதான். அதற்குப்பின் நன்றாக அகன்று 22 விகலையை எட்ட 2056 ஆகும்.